பஸ்ஸில் வருகிற அம்மா

“நீங்க தூக்குனா அடங்குறான். நான் தூக்குனா வீல்னு கத்துறான். இது எந்தப் பொஸ்தகத்துல இருக்கு டீச்சர்?”

“அப்படியெல்லாம் இல்ல. பசியா இருப்பான். ஒக்காந்து பாலைக் குடுங்க, சரியாயிருவான்.”

“பசிச்சா தாயிக்கிட்ட வராம டீச்சர்கிட்டயா போவாங்க?”

யோகமலர் கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு உதட்டைத் தாண்டிக் கண்ணுக்குப் போகவில்லை. கொழுந்து மலையிலிருந்து நேரே ஓடி வந்தவள். இடுப்பில் கட்டியிருந்த சாக்கிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய பத்து மாதக் கவிஷன் தாயின் தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பி, தர்ஷிகாவை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினான்.

வட்டவளைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் தினமும் மத்தியானம் நடக்கிற கூத்துதான் இது. பால்குடிப் பிள்ளைகளை விட்டுவிட்டு மலைக்குப் போன தாய்மார் சங்கு ஊதியதும் இறங்கி வருவார்கள். காலையிலிருந்து தூக்கி வைத்திருந்தவளை விட்டுப் பிள்ளை உடனே வராது. அந்த நேரத்தில் பிள்ளையின் கண்ணில் படாமல் உள்ளே போய்விட வேண்டும் என்பது தர்ஷிகா படித்துத் தெரிந்துகொண்ட வித்தை.

அவள் பின்கட்டுக்குப் போய்ப் பால்மாப் பேணிகளை அடுக்குவதுபோல நின்றாள். கவிஷன் கத்தினான், விம்மினான், பிறகு மெல்ல அடங்கினான்.

தன்னிடம் கைநீட்டிய பிள்ளையை நினைக்கும்போது உள்ளுக்குள் ஓர் இனிப்பு. வெட்கமான இனிப்பு. அந்த இனிப்பு தொண்டையிலிருந்து இறங்குவதற்குள்ளேயே கசப்பு ஏறிவிட்டது. இதே நேரத்தில், ஹட்டன் கடைத்தெருவில், பாத்திரக்கடை மாடியில், அவளுடைய அபிஷ்னா யார் மடியில் இருப்பாள்? யார் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கப் போவாள்?

சர்மிளா அக்காவின் மடியில்தான். வேறு எங்கே?

கணவனின் அண்ணன் பிரதாப்பின் மனைவி சர்மிளா. அவளுடைய மகன் வினோஜன் கண்டியில் ஹொஸ்டலில் தங்கிப் படிக்கிறான். ஒரே சமையற்கட்டு, ஒரே மாடி. தர்ஷிகா பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து அபியை வளர்ப்பது அவள்தான். மாமனார் சுப்பிரமணியம் முதல் பக்கத்துக் கடை மாஸ்டர் வரை எல்லோரும் தர்ஷிகாவைப் பார்த்து ஒரே பழமொழியைத்தான் சொல்லுவார்கள்: ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்.

தானே வளரவில்லையே. அக்கா கையில் அல்லவா வளர்கிறாள்!

இந்த எரிச்சலில்தான் அவள் மாதக்கணக்கில் கணவன் கோகுலராஜை நச்சரித்து வட்டவளையில் ஒரு வீடு பார்க்க வைத்தாள். அங்கே போய்விட்டால் காலையில் அபியையும் தன்னோடு பிள்ளைக்காம்பராவுக்கே கூட்டிக்கொண்டு வரலாம். வீட்டுக்காரர் நம்பித் தந்த சாவி நான்கு நாளாகக் கோகுலராஜின் சட்டைப்பையில் கிடக்கிறது. இன்று ராத்திரிக்குள் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லை நமக்கே என்று வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் வேறு ஒருவருக்கும் தெரியாது.

“வீடு கெடக்கட்டும். அண்ணியப் பிரிஞ்சா புள்ள தாங்குமா? அத யோசிச்சியா?” என்று நேற்றும் கேட்டான்.

“அவ என் புள்ள. என்னையப் பிரிஞ்சாத்தான் தாங்க மாட்டா. நாளைக்கு ஒங்க கண்ணுக்கு முன்னாலயே காட்டுறேன்” என்று அவளும் சவால் விட்டாள்.

அந்த நாளைதான் இது.

---

பின்னேரம் அனுமதி வாங்கி நேரத்தோடு வீதிக்கு இறங்கி வந்தபோது றுமைஸா தன் தம்பியின் ஆட்டோவோடு காத்திருந்தாள். சனிக்கிழமைகளில் ஹட்டனில் நடக்கிற சிறுவர் வளர்ச்சி டிப்ளோமா வகுப்பில் பக்கத்துக் கதிரைக்காரி. சீசனில் மலையேறுகிறவர்கள் வந்து தங்குகிற நல்லதண்ணியில் கம்பளித் தொப்பியும் கையுறையும் விற்கிற நஸாரின் மகள். வட்டவளையில் மாமி வீட்டுக்கு வந்தவளை இன்றைய வேலைக்குத் தர்ஷிகா பிடித்து வைத்திருந்தாள்.

“நான்தானே அந்நிய ஆள்?” என்றாள் றுமைஸா. “சீசனுக்கு வாற வெள்ளக்காரன்கூட என்னக் கண்டா சிரிச்சிட்டுத்தான் போறான். இந்த மூஞ்ச வச்சிக்கிட்டு ஒரு புள்ளையப் பயங்காட்ட ஏலுமா, செல்லு?”

“பயங்காட்ட வேணாம். சும்மா உள்ள வந்து ஒக்காரு. அது போதும்.”

வகுப்பில் கொடுத்த செயன்முறை வேலை அது. ஒன்றிரண்டு வயதுப் பிள்ளையோடு தாய் ஓர் அறையில் இருக்க வேண்டும். பிள்ளைக்குத் தெரியாத ஒருவர் உள்ளே வர வேண்டும். தாய் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போக வேண்டும், கொஞ்சம் கழித்துத் திரும்பி வர வேண்டும். பிள்ளை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பிணைப்பு என்கிற பாடம். எங்கேயோ ஒரு நாட்டில், எப்போதோ ஒரு பெண் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வைத்துப் பார்த்த சோதனை.

“நான் போனா அவ அழுவா” என்றாள் தர்ஷிகா. “நீ ஃபோன்ல அத எடுத்துரு. அவருக்குக் காட்டணும்.”

“அழுறது முக்கியமில்லன்னுதானே சேர் சொன்னாரு? திரும்பி வாறப்ப என்ன செய்றான்னுதானே பாக்கச் சொன்னாரு? அதோட சொந்த வீட்டுல செய்றது சரியா வருமான்னும் எனக்கு...”

“ரெண்டையும் பாப்போம்.”

ஆட்டோ வளைவுகளில் ஏறியது. மூடுபனி தேயிலைச் சரிவை அழிரப்பரால் அழிப்பதுபோல ஓரத்திலிருந்து அழித்துக்கொண்டு வந்தது. தர்ஷிகாவுக்கு அந்த அழுகை இப்போதே காதில் கேட்டது. தன் பெயர் சொல்லி அழுகிற அழுகை.

---

“என்னா தர்ஷி, இன்னிக்கு வெள்ளனவே? ஒடம்புக்கு ஏதும்...?”

சர்மிளா சமையற்கட்டில் அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில் அபியின் சட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு ஈரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹட்டனில் வெயிலை நம்பித் துணி காயப்போட்டால் பிள்ளை அம்மணமாகத்தான் நிற்கும். அபி அவள் இடுப்பில், ஒரு பித்தளைக் கரண்டியைக் கடித்துக்கொண்டு. தலையில் புது மஞ்சள் ரிப்பன்.

“ரிப்பன் ஏதுக்கா?”

“அவரு பொகவந்தலாவைக்குச் சரக்குப் போடப் போனாருல்ல, அங்க வாங்கிட்டு வந்தாரு. நல்லாருக்கா?”

நல்லாத்தான் இருந்தது. அதுதான் கோபம். ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளைக்கு ரிப்பன் கட்டலாம் என்று பெற்றவளுக்குத் தோன்றாமல் போயிற்றே.

அபி தாயைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், மறுபடி தாயைப் பார்த்தாள். ஏதோ கணக்கு இடிக்கிறது என்பதுபோல.

விஷயத்தைச் சொன்னதும் சர்மிளா தாராளமாகத் தலையாட்டினாள். “பாடந்தானே, செய். நான் அடுப்படியில இருக்கேன்.”

முன்னறையில் பாய் விரித்து, கரண்டி, மூடி, ஒரு துணி முயல் எல்லாம் பரப்பினார்கள். தர்ஷிகா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். றுமைஸா உள்ளே வந்தாள். அபி அவளைக் கொஞ்ச நேரம் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு போய் அவள் கழுத்துச் செயினைப் பிடித்தாள்.

“பாத்தியா? என்ட மூஞ்சப் பத்தி நான் செல்லல?” என்று முணுமுணுத்தாள் றுமைஸா.

தர்ஷிகா ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

மரப்படியின் நடுவில் நின்றாள். கீழே கடையில் யாரோ பானையைத் தட்டித் தட்டி ஓசை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தத் தாயாவது தன் பிள்ளை அழ வேண்டும் என்று சாமியைக் கும்பிடுவாளா? அவள் கும்பிட்டாள். ஒரு சின்னச் சிணுங்கல் போதும், முருகா. ஒரே ஒரு ‘அம்மா’ போதும்.

கல்லாவிலிருந்து மாமனார் எட்டிப் பார்த்தார். “என்னாம்மா, படியில நிக்கிற?”

“ஒண்ணுமில்ல மாமா. பாடம்.”

“படி, படி. சர்மிளா இருக்கறப்ப புள்ளைய நெனச்சு ஒனக்கு என்னா கவல?”

நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த நல்ல மனதுதான் முள்ளாய்த் தைத்தது.

மேலே சத்தமே இல்லை. கரண்டி மூடியில் படுகிற ‘டங்’ மட்டும்.

தாங்க முடியாமல் கதவைத் திறந்தாள். அபி தலையை நிமிர்த்தி, “ம்மா” என்றாள். கரண்டியை உயர்த்திக் காட்டினாள். காட்டிவிட்டு மறுபடி மூடியைத் தட்டத் தொடங்கினாள்.

“அழலியா?”

“இல்ல. கதவப் பாத்தா. கையக் காட்டுனா. ‘பஸ்’ன்னு ஏதோ சொன்னா. பொறகு வெளையாடுனா. ஆனா நீ வந்தோன்ன சந்தோசப்பட்டாளே, அது நல்லதுதானே...”

தர்ஷிகாவின் காதில் அது ஏறவில்லை.

“அக்கா!” என்று உரக்கக் கூப்பிட்டாள். “இங்க வாங்க. இப்ப நீங்க.”

“இது பாடத்துல இல்லியே தர்ஷி” என்று றுமைஸா மெல்லச் சொன்னாள்.

“இருக்கட்டும்.”

சர்மிளா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தாள். “நான் என்னா செய்யணும்?”

“கொஞ்ச நேரம் இருங்க. அப்புறம் ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சு கீழ கடைக்குப் போயிருங்க. நான் கூப்புடுற வரைக்கும் வராதீங்க.”

“கீழயா? அவளத் தூக்காமயா?”

“தூக்காம.”

சர்மிளா எழுந்து வாசலைத் தாண்டினாள். அவ்வளவுதான். அபியின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. உதடு பிதுங்கியது. பிறகு வந்த அழுகை இருக்கிறதே, கடையில் அடுக்கியிருந்த பாத்திரமெல்லாம் அதிர்ந்திருக்கும். சாத்திய கதவில் இரண்டு உள்ளங்கைகளாலும் அடித்தாள். தர்ஷிகா தூக்கப் போனாள். அபி முதுகை வில்லாய் வளைத்து அவள் கையிலிருந்து நழுவினாள்.

யோகமலரின் கவிஷன் வளைந்த அதே வில்.

கூப்பிடும்வரை சர்மிளா பொறுக்கவில்லை. நாலு படிகூட இறங்கியிருக்க மாட்டாள். கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். அபி அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்து, ஜாக்கெட் ஓரத்தை விரலில் முறுக்கிப் பிடித்துக்கொண்டு விக்கினாள்.

“என்னா பாடமோ எழவோ, புள்ளைய இப்படி அழ வச்சு...” என்று தொடங்கிய சர்மிளா தர்ஷிகாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

“சந்தோசமாக்கா?” என்றாள் தர்ஷிகா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “பெத்தது மட்டுந்தான் நான். வட்டவளையில வீடு பாத்தாச்சு. இன்னிக்கு ராத்திரி முடிவு சொல்றோம். அடுத்த மாசம் நாங்க போயிருவோம்.”

சர்மிளாவின் முகத்தில் ஈயாடவில்லை. பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கை மட்டும், தனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதுபோல, தட்டிக்கொண்டே இருந்தது.

“வீடு... பாத்திட்டீங்களா?” என்றாள் கடைசியில். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருக்கலாம்.

றுமைஸாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கைப்பையை எடுத்தாள். “நான் போ... போயிட்டு வாறேன் தர்ஷி. போயிட்டு வாறேங்க.”

விக்கிக்கொண்டிருந்த அபி தலையைத் தூக்கினாள். கண்ணீரோடேயே கையை ஆட்டினாள். பிறகு விரலை ஜன்னல் பக்கம் நீட்டி, “பஸ்” என்றாள்.

“ஆமா செல்லம்” என்றாள் சர்மிளா, பழக்க தோஷத்தில். “போயிட்டு வாறேன்னு சொல்லிட்டாங்கல்ல? பஸ்ஸுல போயிட்டு பஸ்ஸுல வந்துருவாங்க.”

---

மாடியில் மூன்று பேர் மட்டும் இருந்தார்கள். பனி ஜன்னல் கண்ணாடியில் வந்து குந்திக்கொண்டது. சர்மிளா ஒரு மூலையில், அபியை மடியில் வைத்துக்கொண்டு. தர்ஷிகா இன்னொரு மூலையில், விரித்த பாயைச் சுருட்டாமல்.

அப்போது கீழ் வளைவில் அந்தச் சாயங்கால பஸ்ஸின் ஹோன் கேட்டது. கல்யாண வீட்டு நாதஸ்வரம்போல இழுத்து இழுத்து ஊதுகிற ஹோன். தர்ஷிகா தினமும் வேலை முடிந்து வருகிற பஸ்.

அபி துள்ளி எழுந்தாள். சர்மிளாவின் கையை உதறிவிட்டு மடியிலிருந்து சறுக்கி இறங்கினாள். குடுகுடுவென்று ஓடி, ஜன்னலடியில் கிடந்த தேயிலைப் பெட்டியின் மேல் ஏறி, கண்ணாடியில் நெற்றியை ஒட்டினாள்.

“ம்மா! ம்மா! ம்மா!”

தர்ஷிகா அவளுக்குப் பின்னால்தான் நின்றாள். அபி திரும்பவே இல்லை. கீழே ஆட்கள் இறங்கினார்கள். குடை பிடித்த ஒருவர், பை தூக்கிய ஒருத்தி, பாடசாலைப் பிள்ளைகள். ஒவ்வொரு தலையாக அபி பார்த்தாள். பஸ் புறப்பட்டுப் பனிக்குள் போய் மறைந்தது.

அபி வெறும் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் தோள்கள் மெல்ல உயர்ந்தன. “ம்மா... இல்ல” என்றாள். பிறகு அழுதாள்.

கதவை அடித்து அழுத அழுகை அல்ல. வாய்விட்டுக்கூட இல்லை. பெரிய மனுஷிபோல, கண்ணாடியில் மூச்சுப் புகைய, உள்ளுக்குள் அழுதாள்.

காலையிலிருந்து கேட்க ஏங்கிய அழுகை. கேட்டதும் தர்ஷிகா பெட்டியருகே குனிந்தாள்.

“அம்மா இங்கதான் இருக்கேன் கண்ணு. இங்க பாரு.”

அபி திரும்பினாள். தாயைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். இந்த அம்மா எந்த பஸ்ஸில் வந்தாள் என்று யோசித்தாளோ என்னவோ! பிறகு இரண்டு கைகளையும் தூக்கினாள். தர்ஷிகா அள்ளிக்கொண்டாள். கன்னத்தில் ஈரமும் மூக்குச்சளியும் மஞ்சள் ரிப்பனும் சேர்ந்து ஒட்டின.

“பாத்தியா?” என்றாள் சர்மிளா. அவள் இன்னும் தரையிலேயே, காலியான மடியோடு இருந்தாள். “தெனமும் இப்படித்தான். காலையில இருந்து சோறூட்டி, குளிப்பாட்டி, தூங்க வச்சு, என்னையே சுத்திக்கிட்டு இருக்கும். அந்த ஹோன் கேட்டுச்சா, என் மடியில முள்ளு மொளச்ச மாதிரி எறங்கி ஓடிரும். அப்புறம் நான் யாரோ. ஒனக்குச் சொன்னா சிரிப்ப. அந்த பஸ்ஸு வட்டவளையிலயே பஞ்சராகிக் கெடக்கட்டும்னு எத்தன நாளு நெனச்சிருக்கேன் தெரியுமா?”

“அக்கா!”

“பொறாமதான். வேற என்னான்னு சொல்றது?”

தர்ஷிகாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. “நான் அந்த பஸ்ஸுக்குள்ள இருந்துக்கிட்டு, இந்நேரம் ஒங்க மடியில இருப்பாளேன்னு பொகைஞ்சுக்கிட்டு வருவேன்க்கா.”

“நாம ரெண்டு பேரும் பொகைஞ்ச பொகையிலதான் ஹட்டனுக்கே பனி மூட்டம் போல.”

தர்ஷிகா அபியின் விக்கல் அடங்குவதைத் தோளில் உணர்ந்துகொண்டே யோசித்தாள். கதவு சாத்தியதும் பிள்ளை என்ன செய்தாளாம்? கையைக் காட்டினாளாம். பஸ் என்றாளாம். அழாமல் இருந்தது அம்மா வேண்டாம் என்றா? பஸ்ஸில் போனவள் பஸ்ஸில் வந்துவிடுவாள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது. தினமும் காலையில் அதே ஜன்னலில் நின்று ‘போயிட்டு வாறேன்’ சொல்லிப் போகிறவளுக்குக் கை காட்ட வைத்து, சாயங்காலம் அதே ஜன்னலில் நின்று வரவைக் காட்டிக் காட்டி, அந்த நிச்சயத்தை ஊட்டியது யார்?

அப்படி ஊட்டியவள் ஒருநாளும் எங்கேயும் போனதில்லை. கோயிலுக்குப் போனால் இடுப்பில் பிள்ளை. மரக்கறிக் கடைக்குப் போனால் இடுப்பில் பிள்ளை. குளிக்கும்போதுகூடக் கதவுக்கு வெளியே பலகை போட்டு உட்கார வைத்துப் பாட்டுப் பாடிக்கொண்டே குளிப்பாள். பெரியம்மா போனால் திரும்பி வருவாளா என்று அபிக்கு எப்படித் தெரியும்?

தான் செய்தது சோதனையே அல்ல என்று தர்ஷிகாவுக்குத் தோன்றியது. பிள்ளையைத் தராசாக்கி இரண்டு பெண்களை நிறுத்துப் பார்த்திருக்கிறாள்.

படியில் செருப்புச் சத்தம். கோகுலராஜ் வாசலில் வந்து நின்றான். கையில் அந்தச் சாவி.

“வீட்டுக்காரரு கீழ வந்து நிக்கிறாரு” என்றான் மனைவியிடம், தாழ்ந்த குரலில். அப்புறம்தான் தரையில் இருந்த அண்ணியின் முகத்தைப் பார்த்தான். “என்ன சொல்லட்டும்?”

தர்ஷிகா அபியை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

சர்மிளா எழுந்தாள். சாவியைப் பார்த்தாள். கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. தர்ஷிகாவின் அருகில் வந்து, அபியைத் தொடாமல், நழுவிக்கிடந்த மஞ்சள் ரிப்பனை மட்டும் இழுத்துச் சரிசெய்தாள்.

“வினோஜன் கண்டி ஹொஸ்டலுக்குப் போனப்ப அவனுக்கு வயசு பதினாறு. அழ மாட்டான்னு தெரியும். இவ சின்னப் புள்ள தர்ஷி” என்றாள். “நீங்க போறது, இருக்கறது ஒங்க இஷ்டம். ஆனா நீதான் இதெல்லாம் படிக்கிறவ. நான் கண்ணுக்கு முன்னால இல்லாட்டியும் திரும்பி வருவேன்னு அவளுக்கு எப்படியாவது பழக்கிக் குடுத்துட்டு அப்புறம் கூட்டிட்டுப் போறியா?”